எழுதியவர் பெயர்

1998ஆம் ஆண்டு ஜூன் 22, திங்கட்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. ஜோகுபாளையத்தில் ஒரு கல்வி அறக்கட்டளையின் மதில்சுவரோரம் காந்தா ஆம்ப்ரோஸை முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்திலேயே அவரை ஒரு பொருட்டாக மதிக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

அதற்கு அவர் தோற்றமும் துணை நின்றது. ஐம்பதைத் தாண்டிய வயது. காலர் மடிப்பில் நூல் பிரிந்த வெள்ளைச் சட்டை. ஒருபக்கம் செங்கல்லை முட்டுக்கொடுத்த பெஞ்சு. பெஞ்சின்மேல் பழைய பிஸ்கட் டின் ஒன்று, கோந்து பாட்டில் ஒன்று, பேனாக்கள் நான்கு. அறக்கட்டளைக்கு வருகிற பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதித் தருவது அவர் தொழில்.

"மேடம், ஃபாரம் எழுதணுமா? பத்து ரூவா."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

"தெரியட்டும் மேடம், சந்தோஷம். ஆனா கார்டுல ரெண்டு டோட்டல் போட்டிருப்பான், அதுல..."

"தெரியும்னு சொன்னேன் இல்ல?"

பலாப்பழத்தை ஈ மொய்ப்பதுபோல, படிக்காதவர்களின் அறியாமையை மொய்த்துப் பிழைக்கும் கூட்டம் இது என்று எண்ணியபடி அவள் வாசற்படி ஏறினாள். அவளோ பி.யூ.சி. முடித்தவள், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்த ஏற்றுமதித் துணி ஆலையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சரிபார்ப்பு மேசையில் நிற்பவள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகள் அவள் கண்ணைத் தாண்டிப் போகும். பிழையுள்ள ஒரு சட்டைகூடத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். அத்தகைய கண்ணுக்கு, பத்து ரூபாய் வாங்கும் ஒரு தெருப் பேனாவின் உதவி எதற்கு?

அவள் மகள் ரக்ஷிதா அந்த ஆண்டு பொது நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். வந்த ரேங்குக்கு இலவச இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது; பேமென்ட் சீட்டில் கிடைக்கும். அதற்கு ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். லாரி ஷெட்டில் வேலைபார்த்த கணவன் எத்திராஜின் சம்பளத்தையும் அவள் சம்பளத்தையும் சேர்த்தாலும் அதில் பாதியைத்தான் எட்ட முடியும். அறக்கட்டளை முழுக் கட்டணத்தையும் ஏற்றால் ரக்ஷிதா கல்லூரிக்குப் போவாள். இல்லையென்றால் அடுத்த மாதமே அதே துணி ஆலையில், தாய்க்குப் பக்கத்து மேசையில் நிற்பாள். சூப்பர்வைசர் ஏற்கெனவே கேட்டும் விட்டார். "பொண்ணு கண்ணும் உன் கண்ணு மாதிரிதானாம்மா?" என்று அவர் கேட்ட நாளிலிருந்து காந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அறக்கட்டளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அனந்தபத்மநாபன் என்ற காலஞ்சென்ற கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் பெயரால் அது நடந்தது. அதன் செயலாளர் சீனிவாசராகவன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மனிதர்களைப் பற்றிய அவருடைய ஞானம் முழுவதும் ஒரே கோட்பாட்டில் அடங்கியிருந்தது: பி.யூ.சி. மதிப்பெண் என்பது ஆசிரியரின் இரக்கத்தால் வருவது. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணே உண்மை, ஏனென்றால் அதைத் திருத்துவது இயந்திரம், இயந்திரத்துக்கு உறவினர் கிடையாது. ஆகவே அவர் ரேங்கைப் பார்ப்பதில்லை; வீட்டைப் பார்ப்பதில்லை; பிள்ளையின் முகத்தையும் பார்ப்பதில்லை. மூன்று பாடங்களுக்குமாக நூற்றெண்பதுக்கு நூற்று முப்பது வாங்கினால் முழுக் கட்டணம். நூற்றுப் பதினைந்து வாங்கினால் பாதி. அதற்கும் கீழே போனால் ஒரு வாழ்த்துக் கடிதமும் ஒரு மைப்பேனாவும் தபாலில் வரும். கல்லூரிக்குப் போக வழியில்லாத பிள்ளைக்கு மைப்பேனா அனுப்பலாம் என்ற யோசனை ஒருவருக்குத் தோன்றியதைக்கூட மன்னிக்கலாம். ஏழு பேர் கொண்ட குழு அதை ஆண்டுதோறும் கைதட்டி நிறைவேற்றியதை என்னவென்று சொல்வது?

காந்தா செயலாளர் அறைக்கு முன்னறையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கடைநிலை ஊழியன் பச்சைமுத்து கொடுத்த ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தாக விண்ணப்பத்தை நிரப்பினாள். 'நுழைவுத் தேர்வு மதிப்பெண்' என்ற இடத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. மதிப்பெண் அட்டையிலோ இரண்டு கூட்டுத்தொகைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே 108, கீழே 131. பக்கத்தில் ஏதோ மூன்று மூன்று எழுத்துகள்.

அவள் தயங்கவில்லை. அங்கேதான் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் காலை வாரியது. அவள் சரிபார்க்கும் சட்டைகளின் கழுத்துப்பட்டையில் இரண்டு சீட்டுகள் தைத்திருக்கும். மேலே உள்ளதுதான் சட்டையின் அளவு. கீழே உள்ளது ஆலையின் சொந்தக் கணக்கு, அதை வாங்குகிறவன் பார்க்க வேண்டியதில்லை. மேலே உள்ள எண்ணே எண் என்று அவள் கை பழகியிருந்தது. கீழே இருப்பது பெரிய எண்ணாயிற்றே என்று ஒரு கணம் ஆசை எழுந்தது. ஆசைப்பட்டு எழுதினால் பொய்யாகிவிடும் என்று அந்த நேர்மையான பெண் 108 என்று எழுதினாள். மேலே இருந்தது உயிரியல் சேர்ந்த மருத்துவக் கூட்டுத்தொகை என்றும், பொறியியலுக்குரியது கணிதம் சேர்ந்த கீழ்த்தொகை என்றும் அவளுக்குச் சொல்ல அறைக்குள் யாருமில்லை. சொல்ல வந்தவரை வாசலிலேயே வாயடைத்துவிட்டு வந்திருந்தாள்.

விண்ணப்பத்தின் அடியில் 'எழுதியவர் பெயரும் கையொப்பமும்' என்று ஓரிடம் இருந்தது. எழுத்தரைக் கொண்டு நிரப்பியவர்களுக்கானது அது. காந்தா அதைப் பெருமையோடு காலியாக விட்டாள்.

பச்சைமுத்து விண்ணப்பத்தை வாங்கி, பெயரையும் பாடப்பிரிவையும் மதிப்பெண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தான். அவள் அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தபோது, ஆம்ப்ரோஸின் கண் அதன்மேல் விழுந்தது. எழுதப்பட்ட எதையும் படிக்காமல் விட முடியாத கண் அது.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. பொண்ணுக்கு ரேங்க் எவ்வளவு?"

சொல்லாமல் போயிருப்பாள். ஆனால் மகளின் ரேங்கைச் சொல்ல எந்தத் தாய்க்குத்தான் கசக்கும்? சொன்னாள்.

"அந்த ரேங்குக்கு நூத்தியெட்டு வராதே. தலகீழா நின்னாலும் வராது. கார்ட காட்டுங்க." பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "மெடிக்கல் டோட்டல தூக்கிப் போட்டுட்டீங்க. உங்க பொண்ணு ஆபரேஷன் பண்ணப் போறாளா, கம்ப்யூட்டர் தட்டப் போறாளா?"

காந்தா மறுபடி வாசற்படியை நோக்கித் திரும்பினாள். "உள்ள போயி மாத்திட்டு வந்துடறேன்."

"மாத்த விடுவானா அந்தாளு? ஃபாரத்துக்குப் பின்னாடி பாருங்க, பொடி எழுத்துல." டின்னிலிருந்து எழுதாத விண்ணப்பம் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

பின்புறத்தில் பதினான்கு விதிகள் இருந்தன. பதினொன்றாவது விதி: பெற்றோர் செய்த பிழை எக்காரணம் கொண்டும் திருத்தப்பட மாட்டாது. எழுதித் தந்தவர் செய்த பிழையாயின், அவர் நேரில் வந்து எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் செயலாளர் தம் விருப்பம்போல் அனுமதிக்கலாம். அப்படி ஒப்புக்கொள்ளும் மடையன் எவனும் வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டான் என்ற முழு நம்பிக்கையில் சீனிவாசராகவன் இயற்றிய விதி அது.

"எழுதியவர் பேரு என்ன போட்டீங்க?"

"காலியா விட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு," என்றார் ஆம்ப்ரோஸ். பிஸ்கட் டின்னை மூடி, அதன்மேல் கோந்து பாட்டிலை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க. உள்ள நீங்க ஒண்ணும் பேச வேணாம். பேசினா கெட்டுது."

"நீங்க எதுக்கு...?"

"அந்தாளு இன்னிக்கு ஒருநாள் தோக்கட்டும் மேடம். வேற ஒண்ணுமில்ல."

ஆம்ப்ரோஸ் விவேக் நகரில் பிறந்தவர். பேக்கரியில் அடுப்பு பார்த்தவரின் மகன். தட்டச்சில் ஹையர் முடித்து, ஒரு சீட்டு கம்பெனியில் பதினேழு ஆண்டுகள் கடிதங்கள் அடித்தார். 1989இல் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடிவிட்டுப் போனார். மணமாகாத அக்காளோடு ஒரே வீட்டில் வாழ்க்கை. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாகத்தான் வருவார். அன்றைக்கு அவசரக்காரர்கள் காத்திருப்பார்கள், அல்லது பிழையாக எழுதுவார்கள். பிஸ்கட் டின்னுக்குள் இருபத்து மூன்று அறக்கட்டளைகளின் விதித்தாள்கள் இருந்தன. எது ரேங்கைப் பார்க்கும், எது மதிப்பெண்ணைப் பார்க்கும், எது இரண்டையும் பார்த்துவிட்டு ஜாதியைப் பார்க்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மதிப்பெண்ணைப் பற்றி அவருக்கிருந்த கருத்தைக் காந்தா பின்னாளில்தான் கேட்டாள். "நூத்தி முப்பது வாங்கினா முழு மூளை. நூத்தி இருபத்தொம்போது வாங்கினா அரை மூளை. நடுவுல என்ன இருக்கு? ஒரு வட்டம். பென்சில்ல கறுப்படிச்ச ஒரு வட்டம். அந்த வட்டத்தோட விலை வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம். சிக்பேட்டைல தங்கம்கூட இவ்ளோ விலை இல்ல."

அன்றைக்கு உள்ளே நடந்தது கால்மணி நேரத்துக் காரியம்.

"நீரா எழுதினீர்?" என்றார் சீனிவாசராகவன், விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து.

"நான்தான் சார்."

"பேரை ஏன் போடலை?"

"தப்பா எழுதினதுக்குப் பேரு போடுவாங்களா சார்?"

"திமிரப் பாரு! நூத்தி முப்பத்தொண்ணுக்கும் நூத்தியெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவாளெல்லாம் வாசல்ல கடை போட்டுண்டு உக்காந்தா நாடு உருப்படுமா? ஒரு குழந்தையோட மெரிட்டையே கொன்னுட்டீரே ஐயா! நூத்தி முப்பத்தொண்ணுன்னா என்னன்னு தெரியுமா? அது சும்மா நம்பர் இல்லை. அது அவளோட தரம்!" பிறகு காந்தாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தேனாக்கினார். "நீங்க கவலப்படாதீங்கோம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவான்னா இவாளுக்கெல்லாம் இளப்பம்தான்."

பி.யூ.சி. படித்த காந்தா, அறுநூறு சட்டைகளைச் சரிபார்க்கும் காந்தா, எழுதப் படிக்கத் தெரியாதவளாகத் தலையாட்டினாள். முன்னறையில் அவளே உட்கார்ந்து எழுதியதைக் கண்ணால் கண்ட பச்சைமுத்து, மின்விசிறியில் ஏதோ பழுது இருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

செயலாளர் சொல்லச் சொல்ல ஆம்ப்ரோஸ் எழுதினார்: கவனக்குறைவாலும் பொறுப்பின்மையாலும் பிழை செய்தேன், வருந்துகிறேன், இனி இவ்வளாகத்தை ஒட்டி அமர்ந்து தொழில் செய்ய மாட்டேன். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் எழுதிற்று. மூன்று படிகள். ஒன்று கோப்புக்கு, ஒன்று குழுவுக்கு, ஒன்று வாசலிலிருந்த கண்ணாடி அறிவிப்புப் பெட்டிக்கு. அதன் தலைப்பில் செயலாளர் சிவப்பு மையால் 'பெற்றோர் எச்சரிக்கையாக இருக்கவும்' என்று தம் கையாலேயே எழுதினார். 108 அடிக்கப்பட்டு 131 ஆயிற்று. பக்கத்தில் சுருக்கொப்பம் விழுந்தது.

வெளியே வந்ததும் காந்தா அவர் பின்னாலேயே பெஞ்சுவரை நடந்தாள். ஆம்ப்ரோஸ் பெஞ்சைத் தூக்கித் தலைகீழாக்கினார். முட்டுக்கொடுத்த செங்கல்லைக் காலால் மதிலோரம் தள்ளினார்.

"இது அவங்க செங்கல்லு. இருக்கட்டும்," என்றார்.

"நான் அடுத்த மாசமே உண்மையச் சொல்லிடறேன் அண்ணா. செக் வந்த உடனே சொல்லிடறேன்."

முதன்முறையாக அவள் 'அண்ணா' என்றாள். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "மொதல்ல செக் வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் பெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

செக் வந்தது. அன்றிரவு ரக்ஷிதா, தேர்வு நாளின் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "கெமிஸ்ட்ரில கடைசி ரெண்டு கேள்விக்கு டைமே இல்லம்மா. பெல் அடிச்சிட்டான். படிக்கவேயில்ல, ரெண்டுக்கும் 'பி' ஆப்ஷன்னு கறுப்படிச்சேன். பாத்தா ரெண்டும் கரெக்ட்டு!"

அந்த இரண்டையும் கழித்தால் நூற்று இருபத்தொன்பது. சீனிவாசராகவன் தரம் என்று போற்றியது, மணியடிக்கும்போது ஒரு பெண்ணின் பென்சில் போய் விழுந்த இடம். இயந்திரத்துக்கு உறவினர் இல்லை என்பது உண்மைதான், கண்ணும் இல்லை. காந்தா மகளோடு சேர்ந்து சிரிக்கவில்லை. முழுக் கட்டணத்தை வாங்கித் தந்தவை அந்த இரண்டு வட்டங்களும், ஒரு மனிதரின் பெஞ்சும். வட்டங்களைப் பற்றி மகள் சொல்லிவிட்டாள். பெஞ்சைப் பற்றி மகளிடம் அவள் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். செயலாளரிடமும் சொல்லியிருக்கலாம். ஆனால் உதவித்தொகையை ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். 1999 ஜூனில் அறிவிப்புப் பெட்டியின் முன் நின்றாள். இந்த ஆண்டுப் பணம் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று திரும்பினாள். 2000 ஜூனிலும் நின்றாள். 2001இல் நிற்காமலே உள்ளே போகப் பழகிவிட்டாள். சிவப்பு மை வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது; ஆம்ப்ரோஸின் பெயர் மட்டும் கறுப்பு மையில் இருந்ததால் அப்படியே நின்றது. நன்றி என்பது புதுப்பிக்க வேண்டிய தேதி இல்லாத சரக்கு. அதனால்தான் அதை நாளைக்கு என்று ஒத்திவைப்பது இவ்வளவு எளிதாக இருக்கிறது.

2002இல் ரக்ஷிதா பட்டம் பெற்று ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். அறக்கட்டளை விழா எடுத்தது. காந்தா பட்டுச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சீனிவாசராகவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முழங்கினார்: "நூற்று முப்பத்தொன்று! அன்றைக்கே அந்த எண் எனக்குச் சொல்லிற்று. பொறுப்பற்ற ஒருவன் அதை மறைக்கப் பார்த்தான். ஆனால் மெரிட்டை மறைக்க முடியுமா?"

கூட்டம் கைதட்டியது. ரக்ஷிதா தாயைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்: யாரும்மா அவன்? காந்தாவும் கைதட்டினாள். வாசலோரம் காபி டம்ளர்களோடு நின்ற பச்சைமுத்து மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு கடிதம் எழுதினாள். பிழை என்னுடையது, விண்ணப்பத்தை எழுதியவள் நானே, ஆம்ப்ரோஸ் என்பவர் அதைத் தொட்டதுகூட இல்லை, அறிவிப்பை எடுத்துவிடுங்கள். ஆறு வரிகள். கையெழுத்துப் போட்டு, உறையிலிட்டுக் கைப்பையில் வைத்தாள். ஆம்ப்ரோஸ் என்றைக்காவது வந்து கேட்டால் அந்த நிமிடமே கொடுத்துவிடுவது என்று உறுதி செய்துகொண்டாள். கடன்பட்டவர்கள் எல்லாரும் செய்துகொள்ளும் உறுதி இது. கடன் கொடுத்தவர்மேல் பாரத்தை ஏற்றிவிட்டு நிம்மதியாக உறங்க உதவுவது.

2004 மார்ச் மாதத்தில் நிறுவனம் ரக்ஷிதாவை வெளிநாட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னது. பாஸ்போர்ட் வேண்டும். விண்ணப்பத்தைக் காந்தாவே பத்து நிமிடத்தில் நிரப்பியிருப்பாள். ஆனால் ஆம்ப்ரோஸ் இருக்கும் இடத்தைப் பச்சைமுத்துவிடம் விசாரித்து, அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சிவாஜிநகருக்குப் போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவிலிருந்த சந்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சு, முட்டுக்கு இப்போது மரத்துண்டு. பிஸ்கட் டின்னில் அறக்கட்டளைத் தாள்கள் இல்லை. ரேஷன் கார்டு விண்ணப்பங்களும், முதியோர் பென்ஷன் விண்ணப்பங்களும் இருந்தன. அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்த் தொழில். கண்ணாடி தடித்திருந்தது.

"காந்தா மேடம்! பொண்ணு எப்படி இருக்கா? ஆபரேஷனா, கம்ப்யூட்டரா?"

"கம்ப்யூட்டர்தான் அண்ணா. பாஸ்போர்ட் எழுதணும்."

அவர் வியப்புக் காட்டவில்லை. வாங்கி, கட்டம் கட்டமாக எழுதினார். அவசரமில்லாத, அச்சுப் போன்ற எழுத்து. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

"ஒரு தடவ செக் பண்ணுங்க மேடம். உங்க கண்ணு ஃபேக்டரிக் கண்ணு."

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்." அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள். உறையின் முனை விரலில் பட்டது. "அண்ணா... அங்க அந்த நோட்டீசு இன்னும் அப்படியே இருக்கு."

கேட்பார் என்று காத்திருந்தாள். ஆறு ஆண்டுகளாக அவர் எடுத்துவைத்திருக்க வேண்டிய ஒரு வாக்கியம், 'அதை எடுக்கச் சொல்லக் கூடாதா?' என்ற ஒன்று, இப்போதாவது வரும் என்று நின்றாள்.

ஆம்ப்ரோஸ் சிரித்தார். "இருக்கட்டும் மேடம். கண்ணாடி போட்டு, பூட்டுப் போட்டு எம் பேர யாரு வச்சிருக்காங்க?"

அவள் இருபது ரூபாய் நீட்டினாள். அவர் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "ரேட்டு மாறல," என்றார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த கிழவரைப் பார்த்து, "பென்ஷனா? வாங்க தாத்தா, உக்காருங்க" என்று பேனாவை உதறினார்.

காந்தா பத்து ரூபாயைக் கைப்பையில், அந்த உறைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கேட்டிருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பாள்.